சுவர்ச் சொரசொரப்பும் கொந்தளிப்பு ஓட்டமும்: கணக்கு ஒத்துவராதபோது அறிகுறிவாரியாகப் பிழை காணும் வழிமுறை

சுவரின் சொரசொரப்பைக் கணக்கில் சேர்த்த பிறகும் அழுத்த இழப்போ, திசைவேகப் பரவலோ, வெப்பக் கடத்தலோ அளவீட்டோடு பொருந்தாமல் போவது பாய்மவியலில் அடிக்கடி நிகழ்கிறது. அப்படிப் போகும்போது பெரும்பாலோர் சொரசொரப்பின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, எண் பொருந்திய இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் உண்மையான பிழை மறைந்துவிடுகிறது; அடுத்த வேகத்திலோ அடுத்த விட்டத்திலோ அது மீண்டும் வெளிப்படுகிறது. சொரசொரப்பு என்பது பரப்புக்கு மட்டும் உரிய பண்பு அன்று. பரப்புக்கும் அதன்மேல் ஓடும் பாய்மத்துக்கும் இடையிலான உறவு. கீழே உள்ள வழிமுறை முழுவதும் இந்த ஒரு கருத்தின்மேல்தான் நிற்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

சுவர்மீதான சறுக்குப்பெயர்ச்சித் தகைவைப் பாய்மத்தின் அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது உராய்வுத் திசைவேகம். குழாயில், டார்சி உராய்வுக் காரணியை (சுவர் உராய்வால் நேரும் அழுத்த இழப்பைக் கணிக்கப் பயன்படும் பரிமாணமற்ற எண்) எட்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதனைச் சராசரித் திசைவேகத்தால் பெருக்கினாலும் இதே மதிப்பு வரும். இயக்கவியல் பாகுநிலையை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த மதிப்பு) உராய்வுத் திசைவேகத்தால் வகுத்தால், சுவரருகே இயற்கையாக அமைந்த ஒரு மிகச் சிறிய நீள அலகு கிடைக்கும். ஒரு பரப்பு தரும் உராய்வையே தரக்கூடிய, சுவரில் நெருக்கமாக ஒட்டிய மணலின் பருமனைச் சமான மணல் பருமன் என்கிறோம். அது இந்த அலகைப்போல் எத்தனை மடங்கு என்பதே சொரசொரப்பு ரெனால்ட்ஸ் எண். இனி இதைச் சுருக்கமாகச் சொரசொரப்பு எண் என்றே குறிப்பிடுவோம்.

இந்த எண் ஏறத்தாழ 5-க்குக் கீழே இருந்தால் மேடுகள் அனைத்தும் பாகுநிலை ஆட்சி செய்யும் உள்ளடுக்குக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. ஓட்டத்துக்கு அந்தச் சுவர் வழவழப்பானதே. ஏறத்தாழ 70-க்கு மேலே போனால் மேடுகளுக்குப் பின்னால் ஓட்டம் பிரிந்து உண்டாகும் அழுத்த இழுவையே உராய்வு முழுவதையும் தீர்மானிக்கிறது, பாகுநிலைக்கு அங்கே பங்கில்லை. இதை முழுச் சொரசொரப்பு நிலை என்கிறோம். இடைப்பட்டது மாறுநிலை.

ஓர் எடுத்துக்காட்டு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 20 டிகிரி செல்சியஸ் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி இயக்கவியல் பாகுநிலையால் வகுத்தது) 2 லட்சம். வழவழப்பான சுவருக்கு உராய்வுக் காரணி 0.0156 அளவில் இருக்கும், உராய்வுத் திசைவேகம் நொடிக்கு 0.09 மீட்டருக்கு அருகில் வரும், சுவரருகு நீள அலகு ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர். ஆகவே பாகுநிலை உள்ளடுக்கின் தடிப்பு 55 மைக்ரோமீட்டர் மட்டுமே. சாதாரண வணிக எஃகுக் குழாய்க்குக் கையேடுகள் தரும் 0.045 மில்லிமீட்டர் சொரசொரப்பு இதற்குள் அடங்கிவிடுகிறது. துருப்பிடித்து 1 மில்லிமீட்டர் சமான மணல் பருமனை எட்டிய குழாயோ 140-ஐ ஒட்டிய சொரசொரப்பு எண்ணோடு முழுச் சொரசொரப்பு நிலையில் நிற்கிறது. இந்தச் சிறு கணக்கைப் போடாமல் கீழே உள்ள எந்தப் பகுதிக்கும் போக வேண்டாம். வேகம் கூடக்கூட உள்ளடுக்கு மெலிவதால், சிறு வேகத்தில் செய்த மாதிரிச் சோதனையில் வழவழப்பாகத் தெரிந்த அதே பூச்சு, முழு அளவில், முழு வேகத்தில் சொரசொரப்பாக மாறிவிடும் என்பதையும் இந்தக் கணக்கே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

அறிகுறி: குழாயில் அழுத்த இழப்பு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்

விடை ஏறத்தாழ நான்கு மடங்கு பிசகினால் சுவரைப் பார்க்கவே வேண்டாம். டார்சி காரணிக்கான சமன்பாட்டில் ஃபானிங் காரணியை இட்டிருப்பீர்கள், அல்லது மாற்றி இட்டிருப்பீர்கள். ஃபானிங் காரணி டார்சி காரணியில் நான்கில் ஒரு பங்கு.

பிசகு அதைவிடச் சிறிதாக இருந்தால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது விட்டத்தை. சொரசொரப்பின் முறை அதற்குப் பிறகுதான். ஒரே கொள்ளளவு ஓட்டத்துக்கு அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், உள்ளே படிந்த படிவம் விட்டத்தை 5 விழுக்காடு குறைத்தாலே இழப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு கூடிவிடும். இதைச் சொரசொரப்பின் கணக்கில் எழுதிவிட்டால் கிடைக்கும் சமான மணல் பருமன் உண்மையற்ற, மிகப் பெரிய எண்ணாக இருக்கும். பெயரளவு விட்டத்தை நம்பாமல் உள்விட்டத்தை நேரில் அளப்பதோ, குழாயில் நிரம்பும் நீரின் கன அளவிலிருந்து கணிப்பதோ இதற்குத் தீர்வு.

விட்டம் சரியென்றால், குற்றவாளி சுவரா பாகுநிலையா என்று ஓட்டத்தையே கேட்கலாம். நான்கைந்து வெவ்வேறு ஓட்ட அளவுகளில் அழுத்த இழப்பை அளந்து, இரண்டையும் மடக்கை அளவுகோலில் வரைந்து, கோட்டின் சாய்வைப் பாருங்கள். சாய்வு 1.75-ஐ ஒட்டியிருந்தால் சுவர் வழவழப்பாகவே நடந்துகொள்கிறது. சாய்வு 2 என்றால் முழுச் சொரசொரப்பு நிலை, அல்லது வளைவுகளும் பாதி மூடிய அடைப்பிதழும் போன்ற உள்ளூர் இழப்புகள். இந்த இரண்டையும் பிரித்தறிய, நேரான பகுதியில் சம இடைவெளியில் மூன்று நான்கு இடங்களில் அழுத்தம் எடுக்க வேண்டும்: சொரசொரப்பு என்றால் அழுத்தம் சீராகக் குறையும், உள்ளூர் இழப்பு என்றால் ஓரிடத்தில் படிக்கட்டு போல் இறங்கும்.

வெப்பநிலையும் நல்ல சாட்சி. நீரின் இயக்கவியல் பாகுநிலை 20 டிகிரியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு 40 டிகிரியில் குறைந்துவிடுகிறது. வழவழப்பான குழாயில் அதே ஓட்டத்துக்கான இழப்பு இதனால் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். முழுச் சொரசொரப்பு நிலையில் உள்ள குழாயில் மாற்றமே தெரியாது. ஓட்ட அளவை மாற்ற முடியாத அமைப்புகளில் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

அறிகுறி: சொரசொரப்பு எண் சிறிதாக இருந்தும் உராய்வு வழவழப்புக் கோட்டுக்கு மேலே நிற்கிறது

மேலே சொன்ன எஃகுக் குழாயையே எடுத்துக்கொள்வோம். அதன் சொரசொரப்பு எண் 4 அளவுதான். ஆனாலும் குழாய் உராய்வுக்கு வழக்கமாகப் பயன்படும் கோல்புரூக் சமன்பாட்டில் இட்டால் உராய்வுக் காரணி 0.0156-க்குப் பதிலாக 0.0186 என வருகிறது. 5-க்குக் கீழே சுவர் வழவழப்பு என்று சொன்ன விதி பொய்யா?

பொய்யன்று, அந்த விதி வேறொரு பரப்பிலிருந்து வந்தது. நிகுராட்சே 1933-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒரே பருமனுள்ள மணலைச் சலித்தெடுத்து, குழாயின் உட்சுவரில் நெருக்கமாக ஒட்டியிருந்தார்; குழாய் ஆரத்துக்கும் மணல் பருமனுக்கும் உள்ள விகிதத்தை 15 முதல் 507 வரை மாற்றிப் பார்த்தார். எல்லா மணல்களும் ஒரே உயரம் என்பதால் அவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் உள்ளடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளிவருகின்றன. அதனால் அவருடைய வளைகோடு வழவழப்புக் கோட்டோடு நெடுந்தொலைவு ஒட்டிச் சென்று, பிறகு சட்டெனத் திரும்புகிறது. தொழிற்சாலையில் உருவான பரப்பு அப்படியன்று. அங்கே சில மேடுகள் சராசரியைவிட மிக உயரமானவை. சராசரி மேடு அமிழ்ந்திருக்கும்போதே அந்தச் சில மேடுகள் தலைநீட்டி இழுவையை உண்டாக்கத் தொடங்கிவிடுகின்றன. கோல்புரூக்கும் ஒயிட்டும் 1937-இல் வெவ்வேறு பருமன் மணல்களைக் கலந்து ஒட்டிச் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. 1939-இல் கோல்புரூக் தந்த சமன்பாடும், 1944-இல் மூடி (Moody) என்ற பொறியாளர் வரைந்த உராய்வுக் காரணி வரைபடமும் இந்தப் படிப்படியான மாற்றத்தையே பின்பற்றுகின்றன.

எனவே மாறுநிலையில் இரு வளைகோடுகளில் எது உங்கள் பரப்புக்குப் பொருந்தும் என்பதைப் பரப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே சீரான மேடுகள் கொண்ட, மெருகூட்டிய பரப்புகள் நிகுராட்சே பக்கமும், உயரம் கலந்த பரப்புகள் கோல்புரூக் பக்கமும் சாயும் என்பது நல்ல தொடக்க ஊகம். முழுச் சொரசொரப்பு நிலையில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆகவே அந்த நிலையில் எடுத்த அளவீட்டிலிருந்துதான் சமான மணல் பருமனைக் கணிக்க வேண்டும். மாறுநிலையில் எடுத்த ஒற்றை அளவீட்டிலிருந்து கணித்த பருமனை நான் நம்புவதில்லை.

அறிகுறி: கருவியால் அளந்த சொரசொரப்பை இட்டால் இழுவை மிகக் குறைவாக வருகிறது

பரப்பளவிக் கருவி தரும் ஆர்ஏ மதிப்பை அப்படியே சமான மணல் பருமனாக இடுவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலாக நடக்கும் பிழை. ஆர்ஏ என்பது சராசரிக் கோட்டிலிருந்து உயரங்கள் விலகும் அளவின் சராசரி. அதற்கு மேடும் பள்ளமும் ஒன்றே. ஓட்டத்துக்கு அவை ஒன்றல்ல: மேடு ஓட்டத்தின் குறுக்கே நிற்கிறது, பள்ளமோ தேங்கிய பாய்மத்தால் நிரம்பி ஓட்டத்தைத் தன்மேல் வழுக்கிச் செல்ல விடுகிறது. ஒரே ஆர்ஏ கொண்ட இரு பரப்புகளில் ஒன்று மேடுகள் தூவியதாகவும் மற்றொன்று குழிகள் தோண்டியதாகவும் இருந்தால், அவற்றின் சமான மணல் பருமன்கள் பல மடங்கு வேறுபடலாம்.

ஆகவே ஆர்ஏ-யுடன் மூன்று தகவல்களையாவது கேட்டு வாங்குங்கள். முதலாவது, உயரங்களின் இருபடிச் சராசரி மூலம். இரண்டாவது, உயரப் பரவலின் கோட்டம். இது நேர்க்குறி என்றால் மேடுகள், எதிர்க்குறி என்றால் குழிகள் மேலோங்கியுள்ளன. ஃபிளாக், ஷுல்ட்ஸ் இருவரும் 2010-இல் முன்வைத்த தொடர்பு இந்த இரண்டை மட்டுமே கொண்டது: கோட்டத்தோடு 1-ஐக் கூட்டி, அதை 1.37 அடுக்குக்கு உயர்த்தி, இருபடிச் சராசரி மூலத்தாலும் 4.43-ஆலும் பெருக்கினால் முழுச் சொரசொரப்பு நிலைக்கான சமான மணல் பருமனின் மதிப்பீடு கிடைக்கும். கோட்டம் சுழியாக இருக்கும் எளிய நிலையிலேயே விடை அளந்த உயரத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வருவதைக் கவனியுங்கள். குழிகள் மிக ஆழமாகி, கோட்டம் எதிர்க்குறியில் 1-ஐ நெருங்கும்போது இந்தத் தொடர்பு சுழியை நோக்கி ஓடும். அங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது தகவல் சாய்வு. மேடுகள் உயரமாக இருந்தாலும், அலைபோல் நீண்டு மெல்ல ஏறி இறங்கினால் அவற்றின் பின்னால் ஓட்டம் பிரியாது. உயரத்தை நம்பிப் போட்ட கணக்கு அப்போது இழுவையை மிகைப்படுத்தும். பரப்பின் சராசரிச் சாய்வு 0.35-க்குக் கீழே இருக்கும்போது உயரத்தோடு சாய்வும் சேர்ந்து இழுவையைத் தீர்மானிக்கிறது என்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. கருவியின் வடிகட்டு நீளமும் இங்கே உள்ளே வருகிறது: அதை மாற்றினால் நீண்ட அலைகள் சேரவோ விலகவோ செய்து, அதே பரப்புக்கு வேறு எண் கிடைக்கும். அளவீட்டு அறிக்கையில் அந்த நீளம் இல்லையென்றால் திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

அறிகுறி: வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பரப்பு எதிர்பார்த்தபடி நடக்கவில்லை

ஓட்டத்துக்குக் குறுக்காக அமைந்த பட்டைகள் நெருக்கமாக இருந்தால், இடையிலுள்ள பள்ளங்களில் சுழல்கள் நிலையாகத் தங்கி, வெளியோட்டம் பட்டைகளின் உச்சிகளை மட்டும் தொட்டுச் செல்கிறது. இத்தகைய பரப்பின் சமான மணல் பருமன் பட்டையின் உயரத்தைப் பொறுத்தே அமையும் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பிசகும் என்பதைப் பெரி, ஸ்கோஃபீல்ட், ஜூபெர் மூவரும் 1969-இல் காட்டினார்கள். பட்டைகளின் இடைவெளி உயரத்தைப்போல் 7 அல்லது 8 மடங்காக விரியும்போது அழுத்த இழுவை உச்சத்தை அடைகிறது. அதற்கு மேலும் விரித்தால் மீண்டும் குறைகிறது. இடைவெளியைச் சொல்லாமல் உயரத்தை மட்டும் தரும் எந்த விவரமும் இங்கே பயன்படாது.

அறிகுறி: அளந்த திசைவேகப் பரவல் மடக்கை விதியில் நேர்கோடாக அமையவில்லை

சொரசொரப்பான சுவருக்கு மேலே திசைவேகம் மடக்கை விதியைத்தான் பின்பற்றுகிறது, அதாவது உயரத்தின் மடக்கையோடு நேர்கோடாகக் கூடுகிறது. வழவழப்புச் சுவருக்கான கோடு சாய்வு மாறாமல் கீழே இறங்கிவிடுகிறது, அவ்வளவே. அந்த இறக்கமே சொரசொரப்பின் முழு விளைவையும் சொல்கிறது. ஆனால் கோட்டை வரைய, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். மேடுகளின் அடியிலிருந்தா, உச்சியிலிருந்தா? இரண்டும் இல்லை, இடையில் எங்கோ ஒரு தளத்திலிருந்து. சராசரி இழுவை விசை செயல்படும் உயரமே அந்தத் தளம் என்று ஜாக்சன் 1981-இல் தந்த விளக்கம் இயற்பியல் அடிப்படையில் இன்றும் மிகத் தெளிவானது.

தொடக்கத் தளத்தைச் சிறிது தவறாக எடுத்தாலும் சுவருக்கு அருகிலுள்ள புள்ளிகள் வளைந்து காணப்படும், தொலைவில் உள்ளவை அசையா. எனவே உங்கள் வரைபடத்தில் கீழ்ப்பகுதி மட்டும் வளைந்திருந்தால் தளத்தை நகர்த்திப் பாருங்கள். கோடு முழுவதும் நேராக இருந்து சாய்வு மட்டும் தவறினால் உராய்வுத் திசைவேகம்தான் தவறு. இங்கே ஓர் எச்சரிக்கை: உராய்வுத் திசைவேகம், தளத்தின் உயரம், கோட்டின் இறக்கம் ஆகிய மூன்றையும் ஒரே பரவலிலிருந்து பொருத்திப் பெற முயன்றால், எந்தத் தவறான சேர்க்கையும் அழகான நேர்கோட்டைத் தந்துவிடும். சுவர்த் தகைவைத் தனியாக அளந்தே ஆக வேண்டும். குழாயிலும் கால்வாயிலும் அழுத்தச் சரிவிலிருந்தும், தட்டையான பரப்பில் இழுவைத் தராசிலிருந்தும் அதைப் பெறலாம்.

மூன்றையும் திருத்திய பிறகும் நேர்கோடே அமையாவிட்டால், எல்லைப்படலத்தின் (சுவரின் தாக்கத்தால் வேகம் குறைந்த பாய்ம அடுக்கின்) தடிப்பை மேட்டின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் குறைந்தது 40 இருந்தால்தான் சொரசொரப்பின் நேரடித் தாக்கம் சுவரருகே அடங்கி, அதன்மேல் மடக்கை அடுக்குக்கு இடம் கிடைக்கும் என்று ஹிமேனஸ் 2004-இல் எழுதிய மீளாய்வு சொல்கிறது. அதற்கும் கீழே போனால் உங்கள் முன் இருப்பவை சொரசொரப்பு மேடுகள் அல்ல, ஓட்டத்தை அடைக்கும் தடைகள். அங்கே மடக்கை விதியைத் தேடுவதில் பொருளில்லை.

அறிகுறி: கணினிக் கணக்கில் சொரசொரப்பை மாற்றினாலும் விடை மாறவில்லை, அல்லது வலையை நுண்மையாக்கினால் விடை நகர்ந்துகொண்டே போகிறது

சுவர்ச் சார்பைப் (சுவரருகு ஓட்டத்தை நேரடியாகக் கணிக்காமல் மடக்கை விதியால் ஈடுசெய்யும் சூத்திரம்) பயன்படுத்தும் சிஎஃப்டி (கணினிவழிப் பாய்ம ஓட்ட) கணக்குகளில் இந்த அறிகுறிக்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்: சுவரை ஒட்டிய முதல் செல்லின் (வலையின் ஒரு கட்டத்தின்) மையம், இட்ட சமான மணல் பருமனைவிடக் கீழே இருக்கிறது. மேடுகளின் விளைவைச் சராசரியாக உள்ளடக்கிய ஒரு சூத்திரத்தை மேடுகளுக்கு உள்ளேயே பயன்படுத்தச் சொல்கிறோம். அங்கே அதற்குப் பொருள் கிடையாது. சில நிரல்கள் சொரசொரப்பைச் செல்லின் அளவுக்குத் தாமாகவே வெட்டிக்கொள்கின்றன, சில சுவரைப் பாதி உயரத்துக்கு நகர்த்திக்கொள்கின்றன. எச்சரிக்கைச் செய்தி வராமலும் போகலாம். அதனால்தான் வலையை நுண்மையாக்குவது விடையை மேம்படுத்தும் என்ற நல்ல பழக்கம் இங்கே நம்மைக் கெடுக்கிறது.

நம் துருப்பிடித்த குழாய்க்கு முதல் செல்லின் மையம் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஒய் பிளஸ் மதிப்பு, அதாவது சுவரருகு நீள அலகில் அந்த மையத்தின் தொலைவு, 140-ஐத் தாண்டும், அதற்காக அஞ்ச வேண்டாம். ஆரம் 50 மில்லிமீட்டர் என்பதால் மடக்கை அடுக்கு 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீள்கிறது, இடம் போதும். சுவரருகே உண்மையாகவே நுண்மை வேண்டுமென்றால் சுவர்ச் சார்பை விட்டுவிட்டு, சொரசொரப்பை எல்லை நிபந்தனையில் ஏற்கும் மாதிரிகளுக்கு மாறுங்கள். கொந்தளிப்பு மாதிரிகளில் ஒன்றான ஸ்பாலார்ட்-ஆல்மராஸ் மாதிரியின் சொரசொரப்பு வடிவம், சுவரிலிருந்துள்ள தொலைவோடு சமான மணல் பருமனின் 0.03 பங்கைக் கூட்டிக்கொள்கிறது. வில்காக்ஸின் கே-ஒமேகா மாதிரி, சுவரில் ஒமேகாவின் (கொந்தளிப்பு ஆற்றல் சிதையும் வீதத்தைக் குறிக்கும் அளவு) மதிப்பைச் சொரசொரப்பு எண்ணுக்கு ஏற்ப இறக்குகிறது. கே-ஒமேகாவின் எஸ்எஸ்டி வடிவத்தில் மட்டும், தகைவுக்கு வரம்பு கட்டும் பகுதி சொரசொரப்புச் சுவரருகே தேவையின்றி விழித்துக்கொண்டு விளைவை அடக்கிவிடும். அதற்கெனத் திருத்தம் உள்ளதா என்று நிரலின் ஆவணத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் செல் சரியாக இருந்தும் விடை மாறாவிட்டால், சொரசொரப்பு எண்ணை மீண்டும் பாருங்கள். ஃபுளூயன்ட், ஓப்பன்ஃபோம் ஆகிய நிரல்களின் வழக்கமான சொரசொரப்புச் சுவர்ச் சார்பில் அந்த எண் 2.25-ஐத் தாண்டும்வரை சுவர் வழவழப்பாகவே கொள்ளப்படுகிறது, 90-க்கு மேல்தான் முழுச் சொரசொரப்பு. விடை மாறாதது அப்போது பிழையே அன்று.

அறிகுறி: நிலப்பரப்பின்மேல் காற்றைக் கணக்கிடும்போது, நுழைவில் கொடுத்த வேகப் பரவல் வெளியேறும் இடத்தில் உருமாறிவிடுகிறது

வளிமண்டலவியலார் பயன்படுத்தும் சொரசொரப்பு நீளமும் (மடக்கை விதியில் வேகம் சுழியாகும் உயரம்) பொறியாளர்களின் சமான மணல் பருமனும் ஒன்றல்ல. பின்னது முன்னதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. மேலே சொன்ன சுவர்ச் சார்பில் நாம் அமைக்கும் எண்ணான சொரசொரப்பு மாறிலியை 0.5 என விட்டுவைத்தால் அந்த உறவு ஏறத்தாழ 20 மடங்காகிறது. ஆகவே 0.03 மீட்டர் சொரசொரப்பு நீளமுள்ள புல்வெளிக்கு 0.59 மீட்டர் இட வேண்டும்; முதல் செல்லின் மையம் அதற்கும் மேலே, அதாவது செல்லின் உயரம் 1.2 மீட்டருக்கு மேல். மனிதர் நடக்கும் உயரத்தில் காற்றை அறிய விரும்புவோருக்கு இது பெரிய இடையூறு. நிரல் அனுமதித்தால் சொரசொரப்பு மாறிலியைக் கூட்டிச் சமான மணல் பருமனைக் குறைக்கலாம். அல்லது சொரசொரப்பு நீளத்தையே நேரடியாக ஏற்கும் சுவர்ச் சார்புக்கு மாறலாம். எதைச் செய்தாலும், கட்டடங்களை வைக்கும் முன் வெறும் தரையோடு ஒருமுறை கணக்கிட்டு, நுழைவுப் பரவலும் வெளியேறும் பரவலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: உராய்வு கூடிய அளவுக்கு வெப்பக் கடத்தல் கூடவில்லை

உராய்வு கூடும் விகிதத்திலேயே வெப்பக் கடத்தலும் கூடும் என்னும் ரெனால்ட்ஸ் ஒப்புமையைச் சொரசொரப்புச் சுவருக்கும் நீட்டியதே காரணம். வழவழப்புச் சுவரில் உந்தமும் வெப்பமும் ஒரே வழியில், மூலக்கூறுப் பரவலால் சுவரை அடைகின்றன. சொரசொரப்புச் சுவரில் உந்தத்துக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி திறக்கிறது: மேட்டின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. வெப்பத்துக்கு அழுத்தம் போன்ற துணை கிடையாது. அது மேடுகளை ஒட்டிய மெல்லிய பாய்மப் படலத்தைக் கடத்தலால்தான் கடக்க வேண்டும். எனவே முழுச் சொரசொரப்பு நிலையில் உராய்வுக் காரணி நிலைத்து நிற்கும்போது, வெப்பக் கடத்தலைப் பரிமாணமின்றிக் குறிக்கும் ஸ்டான்டன் எண் ரெனால்ட்ஸ் எண்ணோடு குறைந்துகொண்டே போகிறது. இதற்குத் தனித் தொடர்பு வேண்டும்; டிப்ரே, சாபர்ஸ்கி இருவரும் 1963-இல் வெவ்வேறு பிராண்டில் எண்களுக்கு (பாய்மத்தின் இயக்கவியல் பாகுநிலைக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) செய்த சோதனைகளிலிருந்து தந்த தொடர்பு மணல் வகைச் சொரசொரப்புக்கு நல்ல தொடக்கம். கணினிக் கணக்கிலும் வெப்பச் சுவர்ச் சார்பு சொரசொரப்பைத் தனியே கையாள்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சொரசொரப்பாக்கிய பிறகு இழுவை குறைந்துவிட்டது

உருண்டை, உருளை போன்ற முனையற்ற பொருள்களில் இது நிகழக்கூடியதே. வழவழப்பான கோளத்தில் ரெனால்ட்ஸ் எண் 3 லட்சத்தை ஒட்டி எல்லைப்படலம் கொந்தளிப்பாக மாறி, பிரிவிடம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, இழுவைக் கெழு சரேலென விழுகிறது; சொரசொரப்பு அந்த வீழ்ச்சியை முன்னதாகவே வரவழைக்கிறது. தட்டையான பரப்பிலோ நேரான குழாயிலோ இதே அறிகுறி தென்பட்டால், ஓட்டத்தின் திசையில் நீளும் நுண்வரிகள் பரப்பில் உள்ளனவா என்று பாருங்கள். சுவரருகு அலகில் ஏறத்தாழ 15 இடைவெளியுள்ள கூர்வரிகள் உராய்வை 8 முதல் 10 விழுக்காடு வரை குறைக்க வல்லவை. அத்தகைய வரிகளும் இல்லையென்றால், அழுத்தமானியின் சுழிப் புள்ளியைச் சரிபார்த்துவிட்டு அளவீட்டை மீண்டும் எடுங்கள்.